செலாயாங் முருகன் வாழ்த்துச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

வானொலிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பொத்தான்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நான் ஓய்வு பெற்றதுமே பாதிப் பொத்தான்களை மாற்றிவிட்டார்கள். மீதி எனக்கு எப்போதுமே சரியாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் வேலையில் இருந்த கடைசி வருடத்தில் நடந்தது. இப்போது நினைத்தாலும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன்.

அப்போது நம் நிலையம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது. காலை பத்து மணி ஆனால் சாம்பார் தாளிக்கும் வாசனை படியேறி வந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் செல்வி. இந்தப் பக்கம் தயாரிப்பாளர் நான். நேயர்கள் போன் செய்தால் முதலில் எடுப்பது நான்தான். பெயரையும் ஊரையும் கேட்டு, ஆள் நிதானமாகத்தான் இருக்கிறாரா என்று பார்த்து, செல்விக்கு அனுப்புவேன். யாரை விடுவது, யாரை விடாமல் இருப்பது, அதுதான் என் சம்பளத்துக்கான வேலை.

செல்விக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பேச்சாக இருந்தாலும் கடைசியில், “இந்தப் பாட்டை யார் யாருக்கு வழங்க விரும்புறீங்க?” என்று கேட்டுவிடுவாள். நம் நேயர்களும் சளைத்தவர்கள் இல்லை. கேட்ட மாத்திரத்தில் மனைவி, மக்கள், மச்சினி, பக்கத்து வீட்டு ஆன்டி என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஒருமுறை நெடுஞ்சாலையில் வெள்ளம் ஏறிவிட்டது என்று தகவல் சொல்ல ஒருவர் போன் செய்தார். கார் பாதி முழுகிய நிலையில் நின்றுகொண்டு அண்ணன் குடும்பத்துக்கும் சித்தப்பா குடும்பத்துக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

ஞாயிறு காலை நமக்குப் புத்தக நிகழ்ச்சி. கதை, கட்டுரை என்று பேசினால் வழக்கமான ஐந்தாறு பேர்தான் அழைப்பார்கள். அந்த வாரம் செல்வி, பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லும் ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். பெயர் எதற்கு, உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கும். யாராவது பிறந்தநாளுக்குக் கொடுத்திருப்பார்கள். “இந்தப் புத்தகம் உங்களுக்கு உதவுச்சா, இல்லையா?” என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் என் பலகையில் எல்லா விளக்குகளும் எரிந்தன. மனிதர்களுக்கு இலக்கியத்தில் இவ்வளவு ஆர்வம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதலில் வந்தவர் ரவாங்கிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர். “ஒரு பக்கத்துல சொல்ல வேண்டியத ஒரு புத்தகமா இழுத்திருக்காங்கம்மா. என் மாணவன் இப்படிக் கட்டுரை எழுதினா சிவப்புப் பேனாவால குறுக்கக் கோடு போட்டிருப்பேன். நினைச்சா பணம் வருமாம். நான் முப்பது வருஷமா நினைக்கிறேன், பென்ஷன்தான் வருது” என்றார்.

அவருக்குப் பிறகு கிள்ளானில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். அவருடைய தாத்தா நாகூர்ப் பக்கமிருந்து வந்து தொடங்கிய கடை. “எங்க அத்தா இந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லம்மா. காலையில கடை திறந்தாரு, ராத்திரி சாத்தினாரு, அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்ச ரகசியம். ஆனா நான் நாலு தடவை படிச்சிட்டேன். வியாபாரம் படுத்துக் கிடக்கிற மாசத்துல எடுத்துப் படிப்பேன். பணம் வருதோ இல்லையோ, மறுநாள் கடை திறக்கத் தைரியம் வருது” என்றார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது.

மூன்றாவதாக நேரடி விற்பனை செய்யும் ஒரு பெண், ஷாலினி. புத்தகம் தன் வாழ்க்கையையே புரட்டிப் போட்டுவிட்டது என்றும், தன் குழுவில் சேரும் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுப்பதாகவும் குதூகலமாகச் சொன்னாள். உடனே வாட்சப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. “அந்தக் குழுவுல சேர்ந்துதான் எங்க வீட்டுல மூணு வாட்டர் பில்டர் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு லா.” செல்வி அதைப் போட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கை அணைத்தாள்.

இந்தக் கலகலப்பில்தான் நம் ஆள் வந்தார்.

“பேரு?” என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “முருகன்” என்றார்.

“எந்த ஊரு?”

இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “செலாயாங்” என்றார்.

சொந்த ஊரைச் சொல்ல யோசிக்கிற மனிதர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். பொய்ப் பெயரில் வருகிறவர்கள் பெரும்பாலும் உண்மையைப் பேசுவார்கள் என்பதும் தெரியும். அனுப்பினேன்.

மனிதர் அருமையாகப் பேசினார். துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறாராம். நல்ல வேலைதான், ஆனால் வருடக்கணக்காக ஒரே பெட்டியைத் தூக்கி ஒரே இடத்தில் வைப்பது போல இருக்கிறதாம். அவருடைய ஆசை ஓர் ஆப்பக் கடை. “என் ஆப்பத்தைச் சாப்பிட்டவங்க வேற ஆப்பம் சாப்பிட மாட்டாங்க சிஸ்டர். ஷிப்ட்டுக்குக் கொண்டு போனா சட்டி காலி. இந்தப் புத்தகம் படிச்சதிலிருந்து தூக்கம் வரல. முன்னால கால் வெச்சா பின்னால பார்க்காதேன்னு போட்டிருக்கு. அதான் முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போறேன்.”

“வீட்டுல என்ன சொன்னாங்க?” என்றாள் செல்வி.

“வீட்டுக்காரம்மாகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா விட மாட்டாங்க. கொடுத்துட்டுச் சொல்லிக்கலாம்னு இருக்கேன்.”

செல்வி சிரித்தாள். வாழ்த்துச் சொன்னாள். பாட்டு தயாராக இருந்தது. அப்புறம், பழக்கதோஷம்.

“இந்தப் பாட்டை யார் யாருக்கு வழங்க விரும்புறீங்க?”

அவருக்கும் பழக்கதோஷம். “கிள்ளான்ல இருக்கிற என் அன்பு மனைவி பரமேஸ்வரி, மகள் தர்ஷினி, மகன் கவின், மாமியார் அன்னம்மா, மற்றும் துறைமுகத்துல வேலை செய்ற நண்பர்கள் அனைவருக்கும், குறிப்பா எங்க சூப்பர்வைசர் மணியம் அண்ணனுக்கும் சிஸ்டர்!” என்றார், குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சியோடு. பாட்டு தொடங்கிவிட்டது.

செல்வி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பாட்டின் முதல் சரணம் வருவதற்குள் விளக்கு எரிந்தது.

“அக்கா, நான் கிள்ளான்ல இருந்து பரமேஸ்வரி பேசுறேன்.”

நடந்தது இதுதான். அந்த அம்மாள் சமையலறையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அரவை இயந்திரச் சத்தத்தில் ரேடியோ கேட்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து கேட்டது பரமேஸ்வரியின் அம்மா அன்னம்மா பாட்டி. குரல் மருமகன் குரல் போலவே இருக்கிறதே என்று பாட்டிக்குத் தோன்றியதாம். ஆனால் ஊர் செலாயாங், பெயர் முருகன், அதனால் யாரோ என்று விட்டுவிட்டு, “கட்டினவகிட்ட சொல்லாம வேலைய விடுறானாம், பாவம் அந்தப் பொண்ணு” என்று அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக வருத்தப்பட்டிருக்கிறார். வாழ்த்துப் பட்டியலில் தன் பெயரே வந்ததும்தான் பாட்டி போட்ட சத்தத்தில் பரமேஸ்வரி ஓடி வந்து, ஆப்பம் முதல் ராஜினாமா வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

“என்னை உள்ளே விடுங்க அக்கா. எல்லாரும் கேக்க நாலு கேள்வி கேக்கணும்” என்றார். குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் அழுகை இருந்தது. அது என் காதுக்குத் தெளிவாகக் கேட்டது.

“மீன் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. மீன் வாங்குற ஆளு ரேடியோவுல பேசிக்கிட்டு இருக்காரு! வேலைய விடுறது அப்புறம் அக்கா. அந்த ஆப்பம் யாரோட ஆப்பம்? மாவு நான் அரைச்சது. தேங்காப்பால் நான் புழிஞ்சது. இவரு சட்டியைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்துவாரு, அவ்வளவுதான். என் மாவை நம்பி ஒரு கடை, அது நாட்டுக்கே தெரியும், எனக்குத் தெரியாது!”

அதே நேரத்தில் நம் நிர்வாகியிடமிருந்து என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. வீட்டில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மாவை நேரலையில் விடு, இரண்டு பேரையும் மோத விடு, இப்படி ஒரு நிகழ்ச்சி மறுபடி அமையாது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்றைக்கு அந்தச் சண்டையை விட்டிருந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க வாய் பிளந்து கேட்டிருக்கும். செல்வியும் கண்ணாடிக்குப் பின்னால் ‘அனுப்புங்க, அனுப்புங்க’ என்று கையை ஆட்டினாள்.

பாட்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன்.

புருஷன் பெண்டாட்டி சண்டை வீட்டுக்குள் நடந்தால் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடலாம். ஊர் கேட்கப் போட்டால் யாராவது ஒருவர் ஜெயித்தாக வேண்டும். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் அதற்கப்புறம் அந்த வீடுதான். நாம் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். நிர்வாகியின் செய்திக்குப் பதில் போடாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். செல்வியிடம், அடுத்த பாட்டையும் போடு, அதற்கப்புறம் வருகிற அழைப்புகளை நீயே நேராக எடு என்றேன். அவள் என்னை முறைத்தாள். சொன்னபடி செய்தாள்.

பரமேஸ்வரியை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு அவருடைய கணவரை அழைத்தேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் காரை ஓரம் கட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து பாட்டை ரசித்துக்கொண்டிருந்தார். “அக்கா, பாட்டு சூப்பர் லா! ரொம்ப நன்றி!” என்றார்.

“அண்ணே, பாட்டை யார் யாருக்கு வழங்கினீங்க, ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. பரமேஸ்வரி, தர்ஷினி, கவின்...”

காருக்கு வெளியே யாரோ பூ விற்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“ஐயோ” என்றார். பிறகு, “மணியம் அண்ணனையும் சொன்னேனா?” என்றார். சொன்னீர்கள் என்றேன். “ஐயோ லா” என்றார்.

“உங்க மனைவி என் லைன்ல இருக்காங்க. இப்பவே பேசறீங்களா, இல்ல வீட்டுக்குப் போய்ப் பேசறீங்களா?”

“நீங்களே சொல்லுங்க அக்கா.”

“அதை நான் சொல்ல முடியாதுண்ணே. ரேடியோவுல போகாது. அது மட்டும் நான் பார்த்துக்கிறேன்.”

கார் ரேடியோவை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “கொடுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குப் புரிந்தது. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்த தைரியம் இல்லை அது. இரண்டு லைனையும் சேர்த்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். கேட்க ஆசை இல்லாமல் இல்லை. காது இரண்டும் அந்தப் பக்கமே இழுத்தன. ஆனாலும் கழற்றிவிட்டேன்.

இதற்கிடையில் ஸ்டூடியோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். செல்வி எடுத்த ஒவ்வொரு அழைப்பும் செலாயாங் முருகனைப் பற்றியதாகவே இருந்தது. புத்தகத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரவாங் ஆசிரியர் மறுபடி வந்தார். புத்தகத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்த அதே மனிதர், “விடச் சொல்லுங்கம்மா வேலைய! நான் பயந்து பயந்து எதையுமே செய்யாம ரிட்டையர் ஆயிட்டேன். அந்தத் தம்பியாவது ஆப்பம் சுடட்டும்” என்று கிட்டத்தட்டக் கத்தினார். அடுத்து ஷாலினி. புத்தகம் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது என்ற அதே பெண், “அண்ணே, பிளீஸ், வேலைய மட்டும் விட்டுடாதீங்க. நானே இன்னும் கிளினிக்லதான் வேலை பாக்குறேன், இது பார்ட் டைம்தான்” என்று தழுதழுத்தாள். பாயும் வந்தார். “கடை வைக்கிறதுக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா போட்டுப் பாருங்க தம்பி. நிக்க முடியுதா, வேர்வை பிடிக்குதான்னு தெரிஞ்சிக்கலாம். என் கடை வாசல்லயே இடம் தர்றேன்” என்றார். புத்தகத்தைப் பற்றி ஒரு கருத்து, பக்கத்து வீட்டு மனிதனைப் பற்றி வேறொரு கருத்து. எனக்கு அன்றைக்கு அந்த நேயர்கள் எல்லோரையும் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

லைன் விளக்கு மினுங்கியது. ஹெட்போனை எடுத்து மாட்டினேன். பரமேஸ்வரிதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார்.

“அக்கா, நான் அந்தப் புத்தகத்தைப் பத்திப் பேசலாமா?”

“புத்தகத்தைப் பத்தியா? அண்ணனைப் பத்தியா?”

“புத்தகத்தைப் பத்திதான் அக்கா. சத்தியமா. அவரு இன்னும் லைன்லதான் இருக்காரு, அவருகிட்டயும் கேட்டுட்டேன்.”

அவர் பின்னாலிருந்து, “விடுங்க அக்கா, பேசட்டும்” என்றார். இரண்டு பேரும் சம்மதித்த பிறகு தடுக்க நான் யார்? “பேரு என்ன போடட்டும்?” என்றேன்.

“பேரா? ராணின்னு போடுங்க. ஊரு ரவாங்.”

ரவாங் ராணி நேரலைக்குப் போனார். குரல் கரகரத்தாலும் நிமிர்ந்து பேசினார். “இந்தப் புத்தகம் எங்க வீட்டுலயும் இருக்கு. எங்க வீட்டுக்காரரு பாதி படிச்சிட்டுத் தலையணைக்கு அடியில வெச்சிருந்தாரு. படுக்கை தட்டும்போது நான் எடுத்து முழுசும் படிச்சிட்டேன். நல்ல புத்தகம்தான். சில இடம் வளவளன்னு இருக்கு. ஆனா கடைசிப் பக்கம் வரைக்கும் தேடிட்டேன். பொண்டாட்டிகிட்ட சொல்லாதேன்னு எந்த எடத்துலயும் போடல.”

செல்வி மேசையில் கவிழ்ந்துவிட்டாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். கீழே சாப்பாட்டுக் கடையிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து எழுந்த சிரிப்பு படியேறி வந்தது.

பேச்சு முடிந்ததும் செல்வி நிமிர்ந்தாள். கேட்கலாமா என்பது போல என்னைப் பார்த்தாள். கேள் என்று தலையை ஆட்டினேன்.

“ராணி அக்கா, பாட்டை யாருக்கு வழங்கறீங்க?”

“செலாயாங் முருகனுக்கு மட்டும்” என்றார் பரமேஸ்வரி. “மீன் வாங்க மறந்துடாம வீட்டுக்கு வரச் சொல்லுங்க.”

மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்படவில்லை. கொடுக்கவும் முடியாது. மணியம் அண்ணனே அவர் வரும் வழியில் நின்று, “எனக்குப் பாட்டெல்லாம் வழங்கிட்டு எங்கடா போறே?” என்று கேட்டாராம். அடுத்த ஞாயிறு பாய் கடை வாசலில் ஆப்பச் சட்டி ஏறியது. அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை. பிறகு மூன்று நாள். சென்ற வருடம்தான் போர்க்லிப்ட்டை விட்டார், மனைவி சொன்ன தேதியில்.

நிர்வாகி என்னை அழைத்துத் திட்டினார். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நல்லது செய்தால் மாலை போடுவார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். வாங்கிக்கொண்டேன். செல்வி அன்றைக்கு, இனிமேல் யாருக்கு வாழ்த்து என்று கேட்கவே மாட்டேன் என்று சபதம் போட்டாள். அதைக் கேள், தாராளமாகக் கேள் என்றேன். அந்தக் கேள்விதான் அந்த மனிதரின் மனைவியை எனக்குக் காட்டிக்கொடுத்தது. பாட்டு ஓடுகிற நேரத்தில் லைனில் இருப்பவரை நினை, அது போதும். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் கிள்ளான் போயிருந்தேன். இதை எழுதலாமா என்று அவர்களிடம் கேட்கத்தான் போனேன். ஆப்பத்துக்காகவும்தான். கூட்டம் நிற்கிறது. பரமேஸ்வரி மாவை ஊற்றுகிறார், அவர் சட்டியைச் சுற்றுகிறார். அந்தப் புத்தகம் வாழையிலைக் கட்டின் மேல் கிடக்கிறது, காற்றில் இலை பறக்காமல் இருக்க. “எல்லாம் இந்தப் புத்தகத்தாலதான் அக்கா” என்றார் அவர். “புத்தகமா வந்து மாவு அரைக்குது?” என்றார் அந்த அம்மாள். நான் இரண்டு பேர் பக்கமும் தலையாட்டிவிட்டு ஆப்பத்தைச் சாப்பிட்டேன். அது அவ்வளவு நன்றாக இருந்தது.

கடைக்கு மேலே பெரிய எழுத்தில் பலகை: செலாயாங் முருகன் ஆப்பக் கடை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, “பாஸ், செலாயாங்ல இருந்தா டெய்லி இங்க வந்து கடை போடறீங்க?” என்று கேட்டான்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பரமேஸ்வரி பதில் சொல்லிவிட்டார்.

“அவரு ஒரே ஒரு தடவைதான் தம்பி செலாயாங்ல இருந்தாரு. அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.”